யாரைக் காட்டியது அந்த விரல்?

காது கேட்கிறவர்களைப் பற்றி ஆதிலட்சுமிக்கு என்றைக்குமே நல்ல அபிப்பிராயம் இருந்ததில்லை. எனக்குக் கேட்காது என்று சைகை காட்டினால், உடனே இன்னும் பலமாகக் கத்துவார்கள். கத்தியும் பலனில்லை என்று தெரிந்ததும் கையையும் காலையும் ஆட்ட ஆரம்பிப்பார்கள். ஒருமுறை கடைக்காரர் ஒருவர் தேங்காயைக் காட்டி, வானத்தைக் காட்டி, கிழக்கே ஓடிப்போய்த் திரும்பி வந்து, கடைசியில் தன் தலையிலேயே அடித்துக்கொண்டார். இத்தனை பாடுபட்டு அவர் சொல்ல வந்தது, நல்ல தேங்காய் நாளைக்குத்தான் வரும் என்பது. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் அவள் இருபத்துமூன்று வருஷமாகக் குடியிருந்தாள். 'நாளைக்கு' என்பதற்குக் கையில் என்ன சொல் என்று அந்தத் தெருவில் ஒருத்தர்கூட அவளிடம் கேட்டதில்லை.

பாகூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். சின்ன வயதில் விடுதியோடு கூடிய ஒரு பள்ளியில் சேர்த்தார்கள். அங்கே கையால் பேசினால் விரல் முட்டியில் ஸ்கேல் விழும். ஆறு வருஷம் கண்ணாடி முன்னால் நிறுத்தி வாயைத் திறக்கப் பழக்கினார்கள். அவளுக்குப் பதினோரு வார்த்தை வந்தது. அந்தப் பதினொன்றையும் அவள் சொன்னால் பெற்ற தாய்க்கே புரியவில்லை. கைப்பேச்சை அவள் கற்றது வகுப்பில் இல்லை, சாப்பாட்டுக் கூடத்தில், பெரிய பெண்களிடம், மேஜைக்கு அடியில். 'வாத்தியாருங்க மேசைக்கு மேலதான் பாப்பாங்க, மூளையும் அவ்வளவுதான்' என்று பிற்பாடு மகளிடம் சொல்வாள்.

கலியமூர்த்தியை ஞாயிற்றுக்கிழமைகளில் கடற்கரைச் சாலையில் பார்த்தாள். காது கேளாதவர்கள் கூடி மணிக்கணக்கில் கைப்பேச்சுப் பேசும் இடம் அது. அவன் சேதராப்பட்டில் தகடு அடிக்கும் ஒரு கம்பெனியில் மெஷின் ஓட்டினான். 'எந்தச் சத்தமும் உன்னை ஒண்ணும் பண்ணாது' என்று முதலாளி அவனைத்தான் எப்போதும் பெரிய மெஷினில் நிறுத்துவார்; அதை ஒரு சலுகை மாதிரியும் சொல்லிக்கொள்வார். ஆதிலட்சுமி மேட்டுப்பாளையத்தில் சட்டை தைக்கும் கம்பெனியில் பிசிறு நூல் வெட்டுவாள். கல்யாணம் ஆனது. சரிதா பிறந்தாள். அவளுக்குக் காது நன்றாகக் கேட்டது. சொந்தக்காரர்கள் அதைக் கடவுள் கருணை என்றார்கள். ஆதிலட்சுமிக்கு அதில் லேசான ஏமாற்றம்தான்.

கைப்பேச்சு என்றால் சும்மா காட்டுவதுதானே என்று எல்லாரும் நினைத்தார்கள். அவளுக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். காட்டுவதும் உண்டுதான். தன் நெஞ்சைத் தொட்டால் நான். எதிரில் இருப்பவரை நோக்கி விரலை நீட்டினால் நீ. கைப்பேச்சில் 'நீ'க்கும் 'நீங்க'வுக்கும் வித்தியாசம் கிடையாது; கவர்னருக்கும் அதே விரல்தான். ஆள் அங்கே இல்லாவிட்டால் காற்றில் ஓரிடத்தைக் காட்டி அவரை அங்கே நட்டுவிடலாம். பேச்சு முடியும்வரை அவர் அந்த இடத்திலேயே நிற்பார். கலியமூர்த்தியின் அண்ணன் இராமதாஸைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஆதிலட்சுமி அவரைக் குப்பைக்கூடைக்குப் பக்கத்தில் நடுவாள்.

இராமதாஸ் அரியாங்குப்பத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். 'பெரியவங்களப் பாத்து வெரல நீட்டறா பாரு' என்று இருபது வருஷமாக அவருக்கு அவள்மேல் கோபம். விரலை நீட்டாமல் 'நீங்கள் சாப்பிட்டீர்களா' என்று எப்படிக் கேட்பது என்பதை அவர் சொன்னதில்லை.

2006 மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சவரம் செய்துகொண்டிருந்த கலியமூர்த்தி அப்படியே சரிந்து விழுந்தான். பக்கவாதம். வலது கையும் வலது காலும் போய்விட்டன. ஆஸ்பத்திரியில் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுச் சரிதாவிடம் சொன்னார்.

"மூளையில இடது பக்கம் அடிபட்டிருக்கு. பேச்சு இருக்கற எடம். மத்தவங்களா இருந்தா பேச்சு போயிருக்கும். உங்க அப்பாவுக்குத்தான் பேச்சே இல்லையே. அந்த வகையில நஷ்டம் ஒண்ணும் இல்லம்மா."

சரிதா அதை அம்மாவுக்குக் கையில் சொல்லத் தயங்கினாள். ஆதிலட்சுமி விடவில்லை. சொன்னதும், டாக்டரை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தாள். பிறகு மகளிடம் கேட்டாள், "இவரு எந்தப் பக்கத்து மூளைய வெச்சிக்கிட்டுப் படிச்சாரு?"

"அம்மா என்ன சொல்றாங்க?" என்றார் டாக்டர்.

"நன்றி சொல்றாங்க சார்" என்றாள் சரிதா.

மூன்று வாரத்தில் வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். கலியமூர்த்தி இடது கையால் பேச ஆரம்பித்தான். மெதுவாக வந்தது, சில சொற்கள் வழுக்கிப் போயின. அதெல்லாம் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராத ஒன்றும் இருந்தது. 'தண்ணி, குடி' என்று சொல்லிவிட்டு விரலை அவளை நோக்கி நீட்டுவான். எனக்குத் தாகம் இல்லை என்பாள் அவள். அவன் முகம் சிவந்துவிடும். மறுபடியும் 'தண்ணி, குடி, நீ'. வேலைக்குப் போய் வந்தவளிடம் 'நான் சாப்பிட்டேனா?' என்று கேட்பான். மத்தியானமே சரிதா ஊட்டியிருப்பாள். சாப்பிட்டது மறந்துவிட்டதா என்று ஆதிலட்சுமிக்குப் பயமாக இருக்கும். குப்பைக்கூடைப் பக்கம் நட்ட ஆள் யார் என்பதும் அவனுக்குப் பிடிபடவில்லை.

ஒரு நாள் காலை விரிப்பு நனைந்திருந்தது. அவள் அதை உருவியபோது, அவன் அவளைப் பார்த்து விரலை நீட்டி, 'நீ நனைச்சிட்ட, வெக்கமா இருக்கு' என்றான்.

ஆதிலட்சுமிக்குத் தாங்கவில்லை. விரிப்பை வாளியில் அமுக்கிக் கல்லில் அடித்து அடித்துத் துவைத்தாள். இத்தனை வருஷத்தில் தன்னை ஒரு தடவைகூட இளப்பமாகப் பேசாத மனிதன். துவைத்துக்கொண்டே அவன் முகத்தை மறுபடி நினைத்துப் பார்த்தாள். அந்த முகத்தில் கேலி இல்லை. வெட்கப்பட்டது அவன்தான். அப்படியென்றால் முகம் ஒன்று சொன்னது, விரல் வேறொன்று சொன்னது.

சட்டென்று அவளுக்குச் சரிதா ஞாபகத்துக்கு வந்தாள். இரண்டு வயது நிறைவதற்கு முன்னால், அந்தக் குழந்தை மிட்டாய் வேண்டும் என்றால் அம்மாவை நோக்கி விரலை நீட்டி 'மிட்டாய், நீ' என்று சொல்லும். நீ, நீ என்று எல்லாரும் தன்னைப் பார்த்தே விரலை நீட்டுவதால் அது தன் பெயர் என்று நினைத்துக்கொண்டது போலிருக்கிறது. அதே குழந்தை விளக்கையும் பூனையையும் காட்டும்போது ஒருநாளும் தப்பாகக் காட்டியதில்லை. எதிர்வீட்டுக்காரி, 'பாவம், காட்டக்கூடத் தெரியலியே' என்று உதட்டைப் பிதுக்கினாள். நாலைந்து மாதத்தில் அது தானாகவே சரியாகிவிட்டது.

ஆதிலட்சுமி ஈரக்கையோடு உள்ளே ஓடினாள். கடிகாரம் எங்கே என்று கேட்டாள். கலியமூர்த்தி கடிகாரத்தைக் காட்டினான். கதவு எங்கே? கதவைக் காட்டினான். யார் கால் மரத்துப்போச்சு என்று கேட்டாள். அவன் யோசிக்காமல் அவளைக் காட்டினான்.

பிறகு வேறு மாதிரி கேட்டாள். காது கேளாதவர்கள் வட்டத்தில் ஒவ்வொருவருக்கும் கையில் ஒரு பெயர் உண்டு. மீசை முனையைத் திருகினால் கலியமூர்த்தி. தாடை மச்சத்தைத் தொட்டால் ஆதிலட்சுமி. சட்டைப்பை இருக்கும் இடத்தில் மூன்று விரலைச் செருகினால் இராமதாஸ். கையெழுத்தைத் தவிர வேறெதுவும் எழுதாத மனிதர் பையில் எப்போதும் மூன்று பேனா இருக்கும். யார் கால் மரத்துப்போச்சு, பெயரைச் சொல்லு என்றாள். அவன் இடது கையால் மீசையைத் திருகினான். விரிப்பை நனைத்தது யார்? தலையைக் குனிந்துகொண்டு மறுபடியும் மீசையைத் திருகினான்.

ஆக, விரல் போகவில்லை. புத்தியும் போகவில்லை. கடிகாரத்தைக் காட்டுவது வெறும் காட்டுதல். 'நீ' என்பது ஒரு சொல். பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கின்றன. அடிபட்ட மூளை மட்டும் இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. அன்று முதல் அவனிடம் 'நான்', 'நீ' எதுவும் இல்லாமல், பெயரை வைத்தே பேசினாள். சரிதாவுக்கும் சொன்னாள். சரிதா அப்போது ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். 'சரிம்மா' என்றாள், காதில் வாங்காமல்.

அந்த வருஷம் புதுச்சேரியில் முப்பத்தெட்டு வருஷத்துக்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் வந்தது. இராமதாஸ் சுயேச்சையாக நின்றார். பூட்டு சாவி சின்னம். வாக்குக் கேட்க ஆரம்பித்த இரண்டாவது நாள் அவருக்குத் திடீரென்று தம்பிமேல் பாசம் பொங்கியது. ஆதிலட்சுமி வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்துக் காரோடு வந்து நின்றார்; சரிதா அன்று லீவில் வீட்டில் இருந்தாள்.

"டேய் கலியா, என் வூட்டுக்கு வந்துடு. நான் பாத்துக்கறேன். வர்றியா?" என்றார். சரிதா அதைக் கையில் சொன்னாள்.

கலியமூர்த்தி தன் நெஞ்சில் இரண்டு தரம் குத்தி, வாசல் பக்கம் கையை வீசினான்.

"என்னடி சொல்றான்?"

"நான் போறேன்னு சொல்றாரு பெரியப்பா."

அவன் முகம் கோபத்தில் கோணியிருந்தது. இராமதாஸ் அதைப் பார்த்துவிட்டு, "ஐயோ, அழுவறான் பாரு. இத்தினி நாளா எவ்ளோ கஷ்டமோ" என்று தோளில் இருந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கூட வந்த இரண்டு பேர் கலியமூர்த்தியைத் தூக்கிக் காரில் வைத்தார்கள். அவன் இடது கையால் கதவைப் பிடித்துத் தள்ளியதை அவர்கள் கைத்தாங்கல் கேட்பதாக எடுத்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் வந்த ஆதிலட்சுமி காலிக் கட்டிலைப் பார்த்தாள். நடந்ததைச் சரிதா சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அவரு சொன்னது 'நீ போடா'. அதப் போயி 'நான் போறேன்'னு சொல்லிக் குடுத்துருக்க. உன்ன என்னமோன்னு நெனச்சேன். காது கேக்கறவங்க கூடச் சேந்து நீயும் அப்பிடியே ஆயிட்ட."

சரிதா அழுதாள். அழுவதற்கு நேரமில்லை என்று அவளை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள் ஆதிலட்சுமி. ஆற்றுப் பாலம் தாண்டும்வரை மகள் முகத்தை அவள் பார்க்கவே இல்லை.

அரியாங்குப்பத்தில் இராமதாஸ் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். நாற்பது ஐம்பது பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பந்தல் நடுவில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், புது வேட்டி கட்டி, கழுத்தில் ஒரு துண்டும் போட்டுக் கலியமூர்த்தியை உட்காரவைத்திருந்தார்கள், கல்யாண வீட்டில் வாழைமரம் கட்டினது மாதிரி.

"வாய் பேசாத தம்பி. வாதத்துல வுழுந்துட்டான். கூடப் பொறந்தவனப் பாக்காதவன் ஊரப் பாப்பானா?" என்று இராமதாஸ் சொல்லிக்கொண்டிருந்தார். இதற்குக் கைதட்டக்கூட இரண்டு பேர் இருந்தார்கள்.

மனைவியைக் கண்டதும் கலியமூர்த்தியின் கண் நிறைந்தது. ஆதிலட்சுமி நேராக இராமதாஸைப் பார்த்து விரலை நீட்டினாள். இந்த முறை மரியாதைக் குறைவாகத்தான் நீட்டினாள். சரிதா குரல் கொடுத்தாள். "அப்பாவ அவருக்கு இஷ்டம் இல்லாமத் தூக்கிட்டு வந்துட்டீங்கன்னு அம்மா சொல்றாங்க."

"நீதானே சொன்ன, நான் போறேன்னு சொல்றான்னு? இத்தினி பேர் சாட்சி" என்றார் இராமதாஸ்.

கூட்டத்தில் மொரீஸ் இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா. வீட்டில் ஏழு ஓட்டு. அவர் பேச்சுக்குக் கட்டுப்பட்ட ஓட்டுகள் வேறு. அதனால் அவர் வாயைத் திறந்தால் எல்லாரும் கேட்டார்கள். "அலோர், அப்போ அந்த ஆளையே கேட்டுடுவோம். அதுல இன்னா கஷ்டம்?" என்றார்.

ஆதிலட்சுமி அதைத்தான் எதிர்பார்த்தாள். நீங்களே கேளுங்கள் என்றாள். மொரீஸ் முதலில் போஸ்டர் எங்கே என்று கேட்டார். சரிதா கையில் சொன்னாள். கலியமூர்த்தி தூணில் ஒட்டியிருந்த போஸ்டரைச் சரியாகக் காட்டினான்.

"பாத்தீங்களா, நல்லாத்தானே காட்டறான்!" என்றார் இராமதாஸ், பெருமையோடு. அவரே முன்னால் வந்து நின்றார். "நானே கேக்கறேன். டேய், நம்ம ரெண்டு பேருல எலெக்‌ஷன்ல நிக்கறது யாருடா?"

சரிதா கையில் சொன்னதும் கலியமூர்த்தி தன் நெஞ்சைத் தொட்டான்.

பந்தலில் சிரிப்பு கிளம்பியது. "அப்போ வாதம் வந்தது யாருக்கு?" என்று பின்னால் இருந்து ஒருவர் கேட்டார். கலியமூர்த்தியின் விரல் அசையாமல் இராமதாஸின் மூக்கை நோக்கி நீண்டது. டீ குடித்துக்கொண்டிருந்தவருக்குப் புரை ஏறிவிட்டது.

இராமதாஸுக்கு முகம் கறுத்தது. "அவனுக்குப் புத்தி கலங்கிப்போச்சு. ஒண்ணும் தெரியல. அதான் நான் பாத்துக்கறேன்றேன்."

"மிசியே, ஒரு நிமிஷம்" என்றார் மொரீஸ். "புத்தி கலங்கினவன் நான் போறேன்னு சொன்னதத்தானே நீங்க சாட்சின்னு சொன்னீங்க?"

அதற்குள் ஆதிலட்சுமி கணவன் முன்னால் போய்க் குந்தினாள். ஒவ்வொரு பெயரும் எப்படி என்று சரிதாவை விட்டுக் கூட்டத்துக்குச் சொல்லவைத்தாள். மீசை யார், மச்சம் யார், மூன்று பேனா யார் என்று. மூன்று பேனாவுக்கு மறுபடி சிரித்தார்கள். பிறகு அதே கேள்விகளைக் கேட்டாள். தேர்தலில் நிற்பது யார்? மூன்று விரல், சட்டைப்பை. வாதம் வந்தது யாருக்கு? மீசை. காலையில் 'போ' என்றாயே, போகச் சொன்னது யாரை?

கலியமூர்த்தி மூன்று விரலைப் பையில் செருகி, வாசலை நோக்கிக் கையை வீசினான். கோணிய முகத்தோடு, அதே வேகத்தோடு. யாரும் சிரிக்கவில்லை.

இருக்க வேண்டியது எங்கே? அவன் அவள் தாடை மச்சத்தைத் தன் விரலாலேயே தொட்டான்.

மொரீஸ்தான் ஆட்டோ பிடித்து அனுப்பினார். இராமதாஸ் புது வேட்டியைத் திருப்பிக் கேட்கவில்லை. அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் நூற்றுச் சொச்சம் ஓட்டில் ஜெயித்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சேதி வந்தபோது ஆதிலட்சுமி ஆச்சரியப்படவில்லை. காது கேட்கிறவர்கள் ஓட்டுத்தானே என்றாள்.

மொரீஸுக்கு அன்று பார்த்தது மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. அவர் அண்ணன் மகள் ஏஸ்தெல் பிரான்சில், லியோன் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில், மூளை அடிபட்டுப் பேச்சு இழந்தவர்களுக்குப் பயிற்சி தருபவள். டிசம்பரில் லீவுக்கு வந்தவளை முத்தியால்பேட்டைக்கு அழைத்து வந்தார். அவள் கையோடு நூற்றிருபது படங்களும் ஒரு கேமராவும் கொண்டுவந்தாள். கைப்பேச்சும் வரும் என்றாள். அவளுக்கு வந்தது பிரான்சுக் கைப்பேச்சு; அதில் 'அம்மா' என்று அவள் சொன்னது இவர்களுக்கு வேறெதுவோ போல இருந்தது. ஆதிலட்சுமி அவளைப் பாதி நாள் சரியாகப் பேசப் பழக்கிவிட்டுத்தான் கணவனிடம் விட்டாள்.

நாலு நாள் சோதித்தாள் ஏஸ்தெல். படத்தைக் காட்டுவது, பொருளைக் காட்டுவது, ஆளைக் காட்டுவது, இல்லாத ஆளைக் காற்றில் காட்டுவது. கடைசி நாள் கண் பளபளக்க உட்கார்ந்து விளக்கினாள். பொருளைக் காட்டும் விரலும் நான், நீ என்கிற விரலும் பார்க்க ஒன்று; ஆனால் மூளை இரண்டாவதை மற்ற சொற்களோடு சேர்த்து, இடது பக்கத்தில் வைத்துக்கொள்கிறது. அந்தப் பக்கம் அடிபட்டால் சொல் குழம்பும், காட்டுதல் மிஞ்சும். வேறு நாட்டிலும் இப்படி ஒன்றிரண்டு பேரைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். அவர்களும் பெயரை வைத்துச் சமாளித்தார்களாம்.

ஆதிலட்சுமி பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள். "இதத் தெரிஞ்சிக்க எத்தினி வருஷம் படிச்ச?"

"எட்டு வருஷம் மதாம்."

"நான் ஒரு விரிப்பு தொவைச்சேன்."

சரிதா இதைச் சொல்லத் தயங்கினாள். ஆனால் ஏஸ்தெலுக்குக் கையிலேயே புரிந்துவிட்டது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. நோட்டைத் திறந்து, "விரிப்புக் கதையச் சொல்லுங்க, மொதல்லேர்ந்து. நாள், மாசம் எல்லாம்" என்று உட்கார்ந்தாள். ஆதிலட்சுமிக்கு வயது நாற்பத்தெட்டு. உனக்கு என்ன தெரியும், சொல் என்று காது கேட்கிற ஒருத்தி அவளைக் கேட்பது அதுதான் முதல் தடவை. இரண்டு மணி நேரம் பேசினாள். சரிதா பிறந்ததில் ஆரம்பித்து, சின்னக் குழந்தை மிட்டாய் கேட்டது, விரிப்பு, பந்தல் எல்லாம். அப்புறமும் ஏஸ்தெலின் கை மொத்தையாகத்தான் பேசுகிறது என்று மகளிடம் சொன்னாள். ஆனால் கிளம்பும்போது எலுமிச்சை ஊறுகாய் ஒரு பாட்டில் கொடுத்தனுப்பினாள்.

ஏஸ்தெல் எழுதிக்கொடுத்த பயிற்சியைத் தினமும் செய்தார்கள். கலியமூர்த்தி கோலூன்றி நடக்க ஆரம்பித்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் கடற்கரைச் சாலைக்குப் போனான். கூட்டாளிகள் 'யார் டீ வாங்கித் தரணும்?' என்று வேண்டுமென்றே கேட்பார்கள். அவன் நீ என்று நினைத்துத் தன் நெஞ்சைத் தொட்டுவிடுவான். வசமாக மாட்டிக்கொண்டு அவனும் சிரிப்பான். பயிற்சியில் சிலநாள் நான், நீ சரியாக வரும், சிலநாள் வராது; சாதாரணப் பேச்சில் வந்ததே இல்லை. வீட்டில் பெயர்தான்.

2008 ஐப்பசியில் ஒரு காலை. நல்ல மழை. ஆதிலட்சுமி வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் உப்புமா கிண்டி வைத்துவிட்டுப் புடவை மடிப்பை நீவிக்கொண்டிருந்தாள். கலியமூர்த்தி ஒரு வாய் சாப்பிட்டான். தட்டைத் தள்ளினான். அவளை நோக்கி விரலை நீட்டினான்.

"நீ உப்புப் போட மறந்துட்ட."

அவள் பழக்கத்தில் திருப்பிப் புரிந்துகொண்டாள். "சமைச்சது யாரு? மீசையா உப்புப் போடணும்? பேரச் சொல்லு" என்றாள்.

அவன் பெயரைச் சொல்லவில்லை. விரலை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினான். "நீ." தன் நெஞ்சைத் தொட்டான். "நான் சாப்பிட மாட்டேன்."

ஆதிலட்சுமி அவன் தட்டில் இருந்து ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டாள். துளி உப்பில்லை.

குடையை மாட்டிய ஆணியிலேயே விட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்தாள். அவன் முகத்தையும் விரலையும் மாறி மாறிப் பார்த்தாள். மறுபடி சொல்லச் சொன்னாள். அவன் எரிச்சலோடு மறுபடி சொன்னான், அதே விரல், அதே ஆள். உப்பு ஜாடியை எடுக்க எழுந்தபோது அவளுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. அன்றைக்கு மேட்டுப்பாளையத்துக்கு முக்கால் மணி நேரம் தாமதமாகப் போனாள். சூப்பர்வைசர் வாயை அகலமாகத் திறந்து கத்தினார். அவள் என்றைக்கும் போலவே அந்த வாய்க்குள் இருந்த சொத்தைப் பல்லைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.